விடுமுறை எடுக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்

ஜூலை 14, திங்கள்

"உங்கள விட்டா யாருக்குங்க மேடம் இங்கிலீஷ் வரும்" என்று முதல்வர் தொடங்கினால் என் தலையில் ஒரு வேலை விழப்போகிறது என்று பொருள். போன ஆண்டு இப்படித் தொடங்கித்தான் விடுதிச் சாப்பாட்டுக் குழு என்னிடம் வந்தது. இன்று வெளிநாட்டுப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் ஆகியிருக்கிறேன். இதுவரை எங்கள் கல்லூரியிலிருந்து வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர் யாரும் இல்லை. ஒருங்கிணைக்க என்ன இருக்கிறது?

ஒரு பெண் இருக்கிறாள். எங்கள் உணவுத் தொழில்நுட்பத் துறையில் இறுதியாண்டு படிக்கும் கௌசிகா. ஆஸ்திரேலிய விசா ஒன்றுக்கான குலுக்கலில் பெயர் கொடுத்திருந்தாள், விழுந்துவிட்டது. வொர்க் அண்ட் ஹாலிடே விசா. பெயர் விழுந்தவர்கள்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். ஓராண்டு வரை அங்கே தங்கிச் சுற்றிப் பார்க்கலாம், கைச்செலவுக்கு வேலையும் செய்துகொள்ளலாம். தோழிகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தோழிகள் வகுப்பில் சொல்ல, வகுப்பு முதல்வரிடம் சொல்லிவிட்டது.

"கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்ப அங்கயே பண்ணட்டும். காலேஜுக்கு மார்க் போடற கமிட்டி வர்ற வருசம். ஃபாரின் இன்டர்ன்ஷிப்ங்கற கட்டம் காலியாவே கெடக்குது."

"அங்கே இவளுக்குப் பயிற்சி கொடுக்க யார் இருக்கிறார்கள் சார்?"

"அதத்தானுங்க நீங்க கண்டுபிடிக்கோணும்."

வீட்டுக்கு வந்தால் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. துடைத்துக்கொண்டே சொன்னேன். "ஆஸ்திரேலியா கெடக்கட்டும், நாம ஏற்காடாச்சும் போயிட்டு வருவமா?" என்றார் குமரவேல். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்கு ஏற்காடு. விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

கௌசிகாவை வரச் சொன்னேன். மெலிந்த பெண். கேட்டால் மட்டும் பேசுகிறாள். அப்பா செங்கோடன் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆண்டில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பவர்.

"எந்தத் துறையில் பயிற்சி வேண்டும்?"

"நான் இன்டர்ன்ஷிப்புக்காகப் போடலீங்க மேடம்."

"பிறகு எதற்காக?"

"சும்மா போட்டேனுங்க."

'சும்மா' என்ற பதிலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சொல்ல விரும்பாதவர்களும் யோசிக்காதவர்களும் பயன்படுத்துகிற சொல். படிப்பை முடித்துவிட்டுப் போயேன் என்று கேட்டேன். முடித்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களாம், அப்புறம் எங்கும் போக முடியாதாம். ஆகவே கடைசி செமஸ்டரில்தான் போயாக வேண்டும். அந்த செமஸ்டரில் கல்லூரி ஒப்புக்கொள்ளும் பயிற்சி இல்லாமல் போனால் பட்டம் கிடையாது. பயிற்சி கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இந்த வாய்ப்பு அவ்வளவுதான். இது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"சரிங்க மேடம், ஏதோ ஒண்ணு பாருங்க" என்று எனக்கு உதவி செய்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 24, வியாழன்

பண்ணைகள், ரொட்டி ஆலைகள், பழக்கூழ்க் கம்பெனிகள் என்று கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் மின்னஞ்சல். கடிதத்தை முதல்வரே எழுதிக் கொடுத்தார். முதல் பத்தி எங்கள் நிறுவனரின் தான தருமங்கள். இரண்டாம் பத்தி வளாகத்தின் பசுமை. மூன்றாம் பத்தியின் கடைசி வரியில் ஒரு மாணவி வருகிறாள்.

வந்த பதில்கள்: நன்கொடை தரும் நிலையில் நாங்கள் இல்லை என்று ஒருவர். குளிர்பதனப் பெட்டி எத்தனை வேண்டும் என்று ஒருவர். மற்றவர்களிடமிருந்து ஒன்றுமில்லை.

ஈரோட்டு ஏஜென்ட் ஒருவர் வந்து, எந்தக் கம்பெனி பெயர் வேண்டுமோ சொல்லுங்கள், கடிதம் நான் அடித்துத் தருகிறேன் என்றார். எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

நிறுவனரையும் பசுமையையும் நீக்கிவிட்டு நான்கு வரியில் மறுபடி அனுப்பினேன். முதல்வருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. டாஸ்மேனியாத் தீவில் ஒரு சிறிய சீஸ் பண்ணை. கணவன், மனைவி, கொஞ்சம் மாடுகள். மனைவியின் பெயர் ஹெலன். "ஜனவரியில் வரட்டும். மூன்று மாதம் கற்றுக்கொடுக்கிறோம். மாட்டுக்குப் பயப்படுவாளா? ரப்பர் பூட்ஸ் அளவைச் சொல்லுங்கள்." அவ்வளவுதான் கடிதம். 'மதிப்பிற்குரிய' கூட இல்லை. பூட்ஸ் அளவைக் கேட்கிறவர் ஏமாற்றுக்காரராக இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

முதல்வருக்குத் தோன்றவில்லை. "லெட்டர்பேட் எங்கீங்க? சீல் எங்கீங்க? ரவுண்டு சீல் இல்லீன்னா கமிட்டி தொட்டுக்கூடப் பாக்காதுங்க."

"அவர்களிடம் சீல் கிடையாதாம் சார்."

"சீல் இல்லாத கம்பெனி ஒரு கம்பெனிங்களா?"

நாற்பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம், தயவுசெய்து உருண்டையாக ஏதாவது ஒன்றைக் காகிதத்தில் குத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

குத்தி அனுப்பிவிட்டார். நீலமாக, உருண்டையாக. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். சீஸ் கட்டியின் மேல் குத்துகிற முத்திரை. பண்ணையின் பெயர், அடியில் 'இந்தத் தேதிக்குள் உண்ணவும்' என்ற வாசகம், ஒரு தேதி.

முதல்வர் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பப் பாருங்க, எவ்வளவு கௌரவமா இருக்குது!" பிரதி எடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

செங்கோடன் ஜபல்பூரிலிருந்து போன் செய்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் காது மந்தம் அவருக்கு, கத்தித்தான் பேசுகிறார். போனைக் கையில் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மேடம், விசாவுல ஹாலிடேன்னு போட்டிருக்குதாமா? சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க? புள்ளைய லீவு விட்டு ஊர் சுத்த அனுப்பறான்னு பேசமாட்டாங்களா?"

முதல்வருக்கும் அதே சங்கடம். விளம்பரத்தில் 'ஆஸ்திரேலிய அரசின் பணி விசா' என்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். தந்தையின் மன நிறைவுக்காக மாணவியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது நல்லது என்றேன். நானே எழுதினேன். முத்திரைத்தாளில், நான்கு கூறுகளாக: தங்கும் காலம் முழுவதும் பயிற்சிக்கே செலவிடுவேன். விடுமுறை எதுவும் எடுக்க மாட்டேன். சுற்றுலாத் தலங்களுக்குச் செல்ல மாட்டேன். பயிற்சிக்குத் தொடர்பில்லாத எந்தச் செயலிலும் ஈடுபட மாட்டேன். அடியில் மாணவி, தந்தை, முதல்வர் மூவரின் கையொப்பம். ஓட்டை இல்லாத பத்திரம். விசா விண்ணப்பத்தோடும் ஒரு பிரதி வைத்தால் வலு சேரும் என்று நான் சொன்னதை முதல்வர் உடனே ஏற்றுக்கொண்டார்.

கௌசிகா படித்துப் பார்த்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லா நாளுமுங்களா மேடம்?"

"எல்லா நாளும்தான்."

கையெழுத்துப் போட்டாள். பத்திரம் ஜபல்பூருக்குப் போய் அப்பாவின் கையெழுத்தோடு திரும்பினால் விண்ணப்பம் அனுப்பிவிடலாம்.

செப்டம்பர் 3, புதன்

பேருந்து நிலையத்தில் மூன்று பேனர்கள். கௌசிகாவின் படத்தைவிட முதல்வரின் படம் பெரிது. விசா இன்னும் வரவில்லை என்று நினைவூட்டினேன். "வரும் வரும், பாசிட்டிவா இருங்க மேடம்."

செப்டம்பர் 24, புதன்

விசா அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்திருக்கிறது. கௌசிகா கைப்பேசியை நீட்டினாள். நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

இந்த விசாவின் முதன்மை நோக்கம் விடுமுறை. வேலையும் பயிற்சியும் துணைக்குத்தான். ஆனால் விண்ணப்பதாரர், விடுமுறை எடுக்க மாட்டேன் என்றும் சுற்றுலாத் தலம் எதற்கும் செல்ல மாட்டேன் என்றும் சட்டபூர்வமாக உறுதியளித்திருக்கிறார். அவருடைய கல்வி நிறுவனமும் தந்தையும் அதற்குச் சாட்சி. அப்படியானால் இவர் எதற்காக வருகிறார்? நான்கு வாரத்துக்குள் விளக்கவும்.

யாரும் குறை சொல்ல முடியாத கேள்வி. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கல்லூரி இணைத்த ஒரு காகிதத்தால் அந்தப் பெண்ணின் வாய்ப்பு போகப் பார்க்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

முதல்வர் நம்ப மறுத்தார். "ஊர் சுத்தமாட்டேன்னு எழுதிக் குடுத்தா நம்மூர்ல மாலை போடுவானுங்க. அங்க விசாவ நிறுத்தறானுங்களா?" பிறகு என்னைப் பார்த்தார். "யாருங்க மேடம் அந்தப் பத்திரத்த அதுல சேக்கச் சொன்னது?"

விண்ணப்பத்தில் பல பேருடைய கை இருந்தது என்றேன்.

கௌசிகா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "யாரு எழுதுனாங்களோ மேடம், ஆனா நல்லா எழுதியிருக்கறாங்க. தப்பிக்கவே வழியில்ல" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியவை: பத்திரத்தை ரத்து செய்வதாக முதல்வரும் தந்தையும் எழுதித் தர வேண்டும். அவள் விடுமுறைக்குத்தான் போகிறாள் என்பதையும் இருவரும் அதிலேயே சொல்ல வேண்டும். கூடவே விடுமுறையில் என்ன செய்வாள் என்று அவள் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக விதியைப் புரட்டினேன். பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும் என்றுதான் அதில் இருக்கிறது. முழு ஆண்டும் பயிற்சி என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

மருந்துக்கடைக்குப் போய் முட்டிவலித் தைலம் வாங்கிக்கொண்டு, கல்லூரிக்குப் போய் விடுமுறைத் திட்டம் எழுத உட்கார்ந்தேன்.

'முதல் நாள்: உணவு பதப்படுத்தும் நிலையத்தைப் பார்வையிடல்' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'பால்பொருள் கண்காட்சி.' அதையும் அடித்தேன். இத்தனை வருடமாக விடுப்புக் கடிதம் எழுதுகிறேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பெரியப்பா மரணம், கிரகப்பிரவேசம் தவிர வேறு காரணம் எழுதியதில்லை. எனக்கு இருந்த பெரியப்பாக்களைவிட இறந்த பெரியப்பாக்கள் அதிகம். என் கீழ் வேலை பார்ப்பவர்களும் எனக்கு அப்படித்தான் எழுதித் தருகிறார்கள். நோயோ சாவோ இல்லாமல் ஓய்வு கேட்டு ஒரு வாக்கியம் அமைக்க எனக்கு வரவில்லை.

கௌசிகா எதிரில் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கறனுங்க மேடம். ரெண்டாம் வருசத்துலயே" என்றாள்.

"வாசி."

"மொத வாரம், ஒண்ணுமில்ல."

"ஒன்றுமில்லை என்றால்?"

"ஒண்ணுமில்லதானுங்க. தூங்கி எந்திரிக்கறது. கடலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. சாயங்காலமானா கடல்ல இருந்து குட்டிக் குட்டி பெங்குவின் வரிசையா நடந்து வீட்டுக்குப் போகுமாம். அதப் பாக்கறது. அடுத்த நாளும் அதையேதான் பாக்கறது."

"ஒரே பறவையை எத்தனை நாள் பார்ப்பாய்?"

"போதும்னு தோணற வரைக்குமுங்க." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "எங்க வீட்டுல நான் உக்காந்தா அம்மா, 'சும்மாதான உக்காந்திருக்கற, வெங்காயத்த உரி'ம்பாங்க. ஹாஸ்டல்ல வார்டன். கிளாஸ்ல நீங்க. நாளைக்குக் கண்ணாலம் பண்ணிக் குடுத்தா மாமியாரு. ஒரே ஒரு மாசம், 'என்ன பண்ணிட்டிருக்கற'ன்னு யாரும் கேக்காத எடத்துல இருக்கோணும் மேடம். அந்த விசாவுல ஹாலிடேன்னு ஒரு வார்த்தை இருக்குது. அதுக்காகத்தான் பேர் குடுத்தேன். அந்த வார்த்தைய மட்டும் எல்லாரும் சேந்து மறைக்கறீங்க."

எனக்குக் கோபமாக வந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. வயதுக்கு மீறிப் பேசுகிறாள். அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் குமரவேல் சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பூஜைக்கு ஊருக்கு வந்திருக்கும் ரிக் வண்டி நாளை மறுபடி வடக்கே கிளம்பிவிடும் என்றாள் கௌசிகா. அதற்குள் செங்கோடனிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். விடுமுறை நாளில் திருச்செங்கோட்டுக்கு வெளியே, லாரிகளும் இரும்புக் குழாய்களும் நிற்கிற ஒரு பொட்டலுக்குப் போனேன். ரிக் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, கம்ப்ரஸருக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். வேலையாட்களோடு உறவினர் கூட்டமும் இருந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் பொரிகடலைப் பொட்டலம்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். செங்கோடனுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"ஊர் சுத்தறதுக்கா?" என்று அவர் கத்தியதில் பொட்டல் முழுக்கத் திரும்பியது. "புள்ள ஊர் சுத்தத்தான் போகுதுன்னு நான் கையெழுத்துப் போடோணுமுங்களா?"

"விசா அலுவலகம் அப்படித்தான் கேட்கிறது."

"ஆவணி மாசத்துல சுத்தமாட்டான்னு எழுதி நீங்கதான மேடம் கையெழுத்து வாங்குனீங்க? இப்பச் சுத்துவான்னு எழுதிட்டு வந்திருக்கறீங்க. படிச்சவங்க ஒரு பேச்சுப் பேசோணுமுங்க."

நிலைமை மாறிவிட்டது என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருடைய மச்சினர் துரைராஜ் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க மாமா, காலேஜுப் பீசுங் கட்டி, ஏரோப்ளேன் டிக்கெட்டும் போட்டு, ஊர் சுத்த அனுப்பறீங்களா? எனக்கும் ஒரு பத்தரம் எழுதச் சொல்லுங்க, நானும் போறேன்." கூட்டம் சிரித்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். மடியில் பொரி இருந்தது.

கௌசிகா தேநீர்த் தட்டை லாரியின் படியில் வைத்தாள். அப்பாவின் காதருகே போய்ப் பேசினாள்; எல்லாருக்கும்தான் கேட்டது.

"அப்பா, ஆக்ராவுல எத்தன நாளு இருந்தீங்க?"

"ஒன்றரை மாசம் இருக்கும். பூராம் உப்புத் தண்ணி. எதுக்குக் கேக்கற?"

"தாஜ்மகால் பாத்தீங்களா?"

அவர் சக்கரத்து எலுமிச்சையைக் குனிந்து நகர்த்தி வைத்தார்.

"மாமாவக் கேட்டா தாஜ்மகாலுக்கடியில பாறை எத்தன அடியில தட்டும்னு சொல்லுவாரு" என்றார் துரைராஜ். மறுபடி சிரிப்பு. இந்த முறை செங்கோடனும் சிரித்துவிட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி நின்னா வாடகை போச்சு அம்மிணி. டிரைவரு போலாம் போலாம்னான். ஒரு அரை நாளுதான். நாந்தான் வேண்டாம்னுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "காஷ்மீரு, அந்த அஸ்ஸாம் பக்கம் தவுத்து எல்லா எடத்துலயும் கால் வெச்சாச்சுங்க மேடம். எங்கெங்க எத்தன அடியில தண்ணின்னு கேளுங்க, சொல்றேன். ஊரு எப்படி இருக்கும்னு கேட்டா, எல்லா ஊரும் சேறாத்தான் இருக்கும்."

அவள் அம்மா பின்னாலிருந்து, "நாலு சனம் என்ன பேசும்?" என்றார்.

"டிரைனிங்குன்னு சொல்லு. பேனர்ல போட்டிருக்குதல்ல. எங்கீங்க மேடம், பேனாவக் குடுங்க."

கையில் சந்தனம். காகிதத்தின் ஓரத்தில் விரல் பதிந்துவிட்டது. வேறு தாள் எடுத்துவரவில்லை. அப்படியே வாங்கி வந்தேன். பூசணிக்காய் உடைத்ததில் என் சேலையில் குங்குமம். சோடா உப்பில் ஊறவைத்திருக்கிறேன், போகாது.

அக்டோபர் 3, வெள்ளி

முதல்வர் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காலேஜ் லெட்டர்பேட்ல நம்ம ஸ்டூடன்ட் ஹாலிடேக்குப் போகுதுன்னு நான் எழுதோணுமா? நிர்வாகம் பாத்தா என்ன நெனைக்கும்? கல்விச் சுற்றுலான்னு போடுங்க."

"அதைத்தான் சார் அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். கல்வி வேண்டாம்."

"தொழிலகப் பார்வையிடல்?"

"வேண்டாம் சார்."

"அப்ப அந்தப் பயிற்சிக் கட்டம்?"

"ஜனவரியிலிருந்து பன்னிரண்டு வாரம் பண்ணையில் இருப்பாள். விதிப்படி அது போதும். கட்டம் நிரம்பிவிடும். மற்ற நாள் அவளுடையது."

"இல்லீங்க மேடம். இந்த வார்த்தையோட நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இருபத்திரண்டு ஆண்டு வேலையில் முதல்வர் எவரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "பேருந்து நிலையப் பேனர்களைக் கழற்ற இன்றைக்கே ஆள் சொல்லிவிடட்டுமா சார்? விசா மறுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டு வருவதற்கு முன்னால் கழற்றுவது நல்லது" என்று மட்டும் கேட்டேன்.

"மேடம், நீங்க மெரட்டறீங்களா?"

"கேட்கிறேன் சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டினார். கையெழுத்துப் போட்டார். ஹாலிடே என்ற சொல்லின் மேல் பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்துக்கொண்டுதான் போட்டார். சீலையும் அவரே குத்தினார், உருண்டையாக.

மாலையே கௌசிகா எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டாள். சந்தன விரல் பதிந்த தாளும் போயிருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. பலகாரம் மிச்சம். பதில் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

பதில் இல்லை. தினமும் கேட்க வேண்டாம் என்று கௌசிகாவிடம் சொன்னேன். "நான் கேக்கலீங்களே மேடம், நீங்கதான் தெனமும் கூப்புட்டுக் கேக்கறீங்க" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் பாலின் கொழுப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். கௌசிகா கைப்பேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கையிலிருந்த அளவையை முடித்து எழுதிவிட்டுத்தான் வந்து சொன்னாள். நான் "சரி" என்றேன். அவள் எழுதியிருந்த அளவில் தசமப்புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்தச் சொல்லவில்லை.

முதல்வர் நான்காவது பேனருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயம்புத்தூர் விமான நிலையம். கல்லூரி சார்பில் நான் போக வேண்டும், புகைப்படக்காரரோடு, சுருட்டிய பேனரோடு. ஞாயிற்றுக்கிழமை. கேட்க ஆள் இல்லை.

ஒரு வேன் நிறைய உறவினர். வாசலில் ஆளுக்கு ஒரு புத்திமதி. "நல்லா ஒழைக்கோணும்." "நேரத்தை வீணாக்கிப்போடாத." "பொழுதன்னைக்கும் போனை நோண்டாம எதையாச்சும் கத்துக்க." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். என் முறை வந்தது.

"வாராந்திர அறிக்கை அனுப்ப வேண்டும். ஜனவரியிலிருந்து."

"ஜனவரியில இருந்துங்களா மேடம்?"

"ஹெலன் ஜனவரியில்தானே வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் எதைப் பற்றி எழுதுவாய்?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புகைப்படக்காரர் குறுக்கே வந்து பேனரைப் பிடிக்கச் சொன்னார்.

செங்கோடன் வேலையை விட்டுவிட்டு ராய்ப்பூரிலிருந்து வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. அவருடைய குரலில்.

"அம்மிணி! போயிக் கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு!"

காவலர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்; வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் கண்ணில் படவில்லை. துரைராஜ், "மாமா, மெதுவா" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, கண்ணில் நீர் வந்துவிடும். அங்கே கட்டட வேலை நடக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

முதல்வர்: "போயி அஞ்சு நாளாச்சுங்க. வெப்சைட்டுக்கு ஒரு போட்டோ வேணும். வெள்ளைக் கோட்டு, தலைக்கு அந்த நெட்டு, கையில எதாச்சும் மிசினு. நாளைக்குள்ள."

அவளுக்குத் தகவல் அனுப்பினேன்.

டிசம்பர் 15, திங்கள்

படம் வந்திருக்கிறது. முகம் இல்லை. மணலில் நீட்டிய இரண்டு கால்கள், திறந்த சிப்ஸ் பாக்கெட் ஒன்று, அப்பால் கடல். கீழே, "இன்னிக்கு இவ்ளோதான் மேடம்."

இது சரிப்படாது, கையில் ஏதாவது கருவி இருப்பது போல ஒன்று அனுப்பு என்று பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன். சாப்பிட்டாயா என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

மதியம் முதல்வர் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "போட்டோ என்னாச்சுங்க மேடம்?"

"அறிமுகப் பயிற்சி நடக்கிறது சார். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை."

"அவ்வளவு ஸ்ட்ரிக்ட்டுங்களா?"

"மிகவும்."

"நல்லதுங்க. அப்படித்தான் இருக்கோணும்" என்று திருப்தியாகப் போய்விட்டார்.

சாயங்காலம் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளுடைய செருப்பு ஒன்று மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. கவிழ்ந்த செருப்பைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. யார் வீட்டு வாசலானாலும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கிடக்கட்டும்.